நிலாவுக்குப் பெயர் அனுப்பிய கடை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். பட்டா, வருமானச் சான்று, தேர்வு முடிவு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று கம்ப்யூட்டரில் செய்யக்கூடிய எல்லா வேலையும் அங்கே நடக்கும். சர்வர் மனது வைத்தால் நடக்கும் என்று சொல்வதுதான் நியாயம். சர்வர் படுத்துவிட்டால் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நான் பேச ஆரம்பிப்பேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நான் பேசுவது விண்வெளியைப் பற்றி. நம் நாட்டுக் கலம் நிலாவில் இறங்கியதை ஊரே டிவியில் பார்த்த அன்று எல்லோரையும் போல நானும் கைதட்டினேன். மற்றவர்கள் தட்டி முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. அன்றிலிருந்து யூடியூபில் ராக்கெட் வீடியோவாகப் பார்க்கத் தொடங்கினேன். பன்னிரண்டாம் வகுப்பில் நான் இயற்பியலில் தேறியதற்கு விடைத்தாள் திருத்தியவரின் இரக்கத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. அப்படிப்பட்டவன், ராக்கெட்டுக்கு எத்தனை அடுக்கு, ஏன் அடுக்கு, பூமியின் இழுப்பிலிருந்து அது எப்படித் தப்பிக்கிறது என்றெல்லாம் வருமானச் சான்றுக்கு வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தேன். அவர்களால் எழுந்து போக முடியாது. அவர்களுடைய ஆதார் அட்டை என் மேஜைமேல் இருந்தது.

ஒரு நாள் மதியம் சர்வர் படுத்திருந்தபோது, ஒரு வெளிநாட்டு விண்வெளி நிறுவனத்தின் இணையப் பக்கம் கண்ணில் பட்டது. ஆளில்லாத கலம் ஒன்றை நிலாவில் இறக்கப் போகிறார்களாம். பொதுமக்கள் பெயர் கொடுத்தால் அதை ஒரு சிப்பில் பதித்து அந்தக் கலத்தில் வைத்து அனுப்புவார்களாம். பணம் கிடையாது. விமானத்துக்குக் கொடுப்பதுபோல ஒரு போர்டிங் பாஸ் மட்டும் வரும். உடனே என் பெயரைத் தட்டினேன். நிலா படத்தோடு பாஸ் வந்தது. கலரில் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, பிரின்டருக்கு மேலே பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். பிறகு, யாராவது அதைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்டது ஓர் அக்கா. சாலவாக்கம் பக்கத்திலிருந்து நூறு நாள் வேலை அட்டை, பென்ஷன் மனு என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக மாதம் ஒருமுறையாவது டவுன் பஸ் பிடித்து வருவார். அறுபதை நெருங்கும் வயது. நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் நிலத்திலேயே வேலை செய்து வளர்ந்தவர். வாயில் மட்டும் யாருக்கும் அடங்கமாட்டார்.

"இன்னா நைனா இது? பஸ் டிக்கெட்டு மாரி கீது?"

"நிலாவுக்குப் போற டிக்கெட்டுக்கா."

"யாரு போறது, நீயா?"

"நான் இல்லக்கா. என் பேரு மட்டும்."

அவர் என் தொப்பையை ஒருமுறை பார்த்தார். "நல்லதாப் போச்சி. நீ ஏறுனா அது மேல கெளம்பாது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரி, பேரு மட்டும் போயி அங்க இன்னா பண்ணும்?"

எந்த வீடியோவிலும் இதற்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. "இருக்கும்க்கா, அங்கியே இருக்கும்" என்றேன்.

"எவ்ளோ ஆவும்?"

"ஃப்ரீதான்."

"ஃப்ரீன்னா பின்னாடி இன்னாவோ கீது." இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சர்வரும் வரல, பஸ்ஸும் வரல. என் பேரையும் போட்டு வையி."

அந்தப் படிவத்தில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். இனிஷியல் போட்டால் ஒத்துக்கொள்ளாது. "கார்டுல உங்க வூட்டுக்காரர் பேரு கீது, அத்தப் போட்டுரட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"அந்தாளுதான் டிவிஎஸ் வண்டிய எடுத்துக்கினு ஊரு ஊரா சுத்தினுகீறாரே, அவருக்கு இன்னாத்துக்கு? எங்கப்பன் பேரப் போடு. அவரு மெட்ராஸே பாத்ததில்ல. செங்கல்பட்டு வரிக்கும் ஒருவாட்டி போயிருக்காரு, அதும் பல்லு புடுங்க."

அப்படியே போட்டேன். அவர் பெயர் முன்னால், அவர் அப்பா பெயர் பின்னால். பாஸை லேமினேட் செய்து கொடுத்ததும் அதை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் சொருகிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

மறுநாளே அவர் ஊரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் எங்கள் தெருக்காரர்கள். சோழர் காலத்திலேயே குடவோலை போட்ட ஊர்க்காரர்கள் அல்லவா, பெயரை எழுதிப் போட்டால் ஏதோ பதவி வந்துவிடும் என்ற நினைப்பு ரத்தத்திலேயே இருக்கும் போலிருக்கிறது. "குலுக்கல் எப்ப?" என்றே ஒருவர் கேட்டார். குலுக்கல் கிடையாது, எல்லோரும் போகலாம் என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பிறகு எங்கள் தெருவின் பெரிய விவசாயி வந்தார். நல்ல நஞ்சை, சொந்த டிராக்டர், கோயில் திருவிழாவானாலும் கிராம சபையானாலும் முன்வரிசை நாற்காலி. தன் பெயரோடு குடும்பப் பட்டத்தையும் சேர்த்து நீளமாகச் சொன்னார். நான் தட்டிக்கொண்டே வந்தேன். கட்டம் பாதியில் நின்றுவிட்டது.

"இன்னா தம்பி, பாதியோட நிக்குது?"

"கட்டத்துல எடம் அவ்ளோதாங்கண்ணே."

"பரம்பரப் பேருய்யா. தனியா காசு கட்டுனா எடம் குடுப்பாங்களா கேளேன்."

"அப்டி ஒன்னும் இல்லண்ணே."

"எல்லார் பேரும் ஒரே சிப்புலயா போவுது?"

"ஆமாண்ணே. உலகத்துல பேரு குடுத்தவங்க எல்லாரும் ஒரே சிப்புதான்."

"முன்ன, பின்ன?"

"அதெல்லாம் கெடையாதுண்ணே."

பெஞ்சில் சாலவாக்கம் அக்கா உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது மட்டும் எனக்குத் தெரிந்தது. பெரியவர், வேறு வழியில்லாமல் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவரைப் போல, "சரி, அனுப்பு" என்றார். பாதிப் பட்டத்தோடு நிலாவுக்குப் பதிவானார்.

இப்படி ஊருக்கே நான் விண்வெளி ஏஜென்டாக இருந்த நாட்களில்தான், ஒரு சாயங்காலம் என் மனைவி காய்கறிப் பையோடு கடைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடைய பாஸைக் காட்டியிருக்கிறாள்.

"என் பேரப் போட்டியா?" என்றாள்.

நான் பிரின்டரைத் திறந்து உள்ளே எதையோ தேடினேன். ஊரில் எல்லார் பெயரையும் அனுப்பியிருந்தேன். டீக்கடைக்காரர், அவர் மச்சான், மச்சானின் கைக்குழந்தை, கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு நான் வைத்த பெயர் வரைக்கும் போயிருந்தது. அவள் பெயர் மட்டும் இல்லை. அவசரமாகப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் பதிவு முடிந்துவிட்டது, ஆதரவுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"மூடிட்டாங்க" என்றேன்.

அவள் சுவரில் தொங்கிய நாயின் பாஸைப் பார்த்தாள். "நாய் போவுதா?"

"போவுது."

அவள் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "சரி, வுடு. எல்லாரும் நிலாவுக்குப் பூட்டா கேஸ் சிலிண்டர் வர்றப்ப வாங்கி வைக்க ஒரு ஆளு வோணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைக் கேட்டாலும் "நாயக் கேளு" என்பதுதான் பதில்.

அடுத்த மாதம் வேறொரு நாட்டில், வேறொரு கம்பெனியின் ராக்கெட் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வெடித்துவிட்டது. ஆள் யாரும் அதில் இல்லை. ஆனால் டிவிக்காரர்கள் அந்த நெருப்பை முன்னாலும் பின்னாலும் மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே கடை வாசலில் கூட்டம் நின்றது. எல்லார் கையிலும் லேமினேட் செய்த பாஸ்.

சாலவாக்கம் அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். "நைனா, எங்கப்பன் எரிஞ்சிட்டாரா?"

"இல்லக்கா, அது வேற ராக்கெட்டு. நம்புளுது இன்னும் கெளம்பவே இல்ல."

"நம்புளுதும் அப்டித்தான் ஆவுமா?"

இங்கேதான் நான் அடக்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் எனக்குள் ஒரு விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். "ராக்கெட்டுன்னா ரிஸ்க்கு இருக்கத்தாங்க்கா செய்யும். நாங்க எல்லாம் யோசிச்சித்தான் பண்றோம்" என்றேன். 'நாங்க' என்று எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஏவுதளமே என் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதுபோல நின்றிருக்கிறேன்.

பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஜோசியரிடம் போய்விட்டு வந்திருந்தார். பெயர் நெருப்பில் போவது குடும்பத்துக்கு ஆகாதாம். "என்னுத கேன்சல் பண்ணிடு தம்பி."

"கேன்சல் பண்ண வழி இல்லண்ணே."

"ரயிலுக்கே கேன்சல் கீது, இதுக்கு இல்லியா?"

அந்தப் பக்கம் முழுவதும் தேடினேன். இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு பரபரப்பு. "இன்னா போட்டுகீறான்?" என்றார் பெரியவர்.

"விண்வெளி ஆராய்ச்சில உங்க ஆர்வத்துக்கு நன்றின்னு போட்டுகீறாங்கண்ணே."

"ஆர்வத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அது கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் பதில் என்று விளக்கினேன். அது அவரை இன்னும் அவமானப்படுத்திவிட்டது. பேச்சு அங்கிருந்து செலவுக்குத் தாவியது. டீக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "ஒரு நிமிசத்துல அவ்ளோ காசும் பொகையாப் போச்சி. எங்க ஏரி மதகு ஷட்டரு கவுந்து எவ்ளோ நாளாவுது? அத்த நிமித்துறதுக்கு ஆளு இல்ல, இவனுங்க நிலாவுக்குப் போறானுங்களாம்."

"அது வெளிநாட்டுக் காசுப்பா, உன் மதகுக்கு வருமா?" என்றார் இன்னொருவர்.

"எவன் காசானா இன்னா? காசு காசுதான?"

நான் விட்டேனா? புயல் வருவது முன்கூட்டியே தெரிவது, செல்போன், டிவி எல்லாமே விண்வெளியால்தான் என்று அடுக்கினேன். உற்சாகத்தில், இந்தப் பட்டா சர்வரே சேட்டிலைட்டில்தான் ஓடுகிறது என்று ஒரு போடு போட்டேன். அது உண்மையில்லை என்பது எனக்கே தெரியும். "அதான் எப்பப் பாத்தாலும் படுத்துகினு கீதா?" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். விண்வெளி ஆராய்ச்சிக்கு எங்கள் ஊரில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையையும் நானே அன்று கெடுத்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டிவியில் பார்த்த நெருப்பிலேயே இருந்தார் போலிருக்கிறது. "நைனா, ஆளுங்கள வச்சிக்கினும் ராக்கெட்டு போவுமில்ல?"

"போவும்க்கா. நம்ம நாட்டுலயே ஆளுங்கள அனுப்பப் போறாங்க. அதுக்குப் பயிற்சி நடந்துகினுகீது."

"எங்கப்பன் செத்து எவ்ளோ நாளாவுது. அவரு பேரு எரிஞ்சிருக்குமோன்னு ராத்திரி எனக்குத் தூக்கம் புடிக்கல. உசுரோட கீற புள்ளைய அதுல ஏத்தி வுட்டுட்டு அந்த அம்மாங்காரி எப்டி டிவி முன்னால குந்தினு இருப்பா?"

ராக்கெட் வெடித்தால் என்ன ஆகும் என்று அந்த மேஜையில் உட்கார்ந்து எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அழுத்தம், எரிபொருள், வால்வு என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு முறைகூட உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்து நான் யோசித்ததில்லை.

எங்கள் ராக்கெட் கிளம்பும் நாளும் வந்தது. நம் நேரத்துக்குச் சாயங்காலம். கம்ப்யூட்டர் திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். அக்கா கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று இருந்துவிட்டார். பெரியவர், "சொம்மா பாக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியில் விபூதி பட்டையாக இருந்தது. என் மனைவி, தனக்குச் சம்பந்தமில்லாத கல்யாணத்துக்கு வந்தவளைப் போல ஒரு ஓரமாக நின்றாள்.

ஆங்கிலத்தில் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். புரிந்ததைச் சொன்னேன், புரியாத இடத்தில் "எல்லாம் நார்மல்" என்றேன். எண்ணிக்கை முடிந்து நெருப்பு கக்கிக்கொண்டு ராக்கெட் மேலே கிளம்பியதும் கடையே கைதட்டியது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. திடீரென்று நெருப்பு அணைந்தது. ஒரு வெள்ளைப் புகை. ராக்கெட்டிலிருந்து பெரிய துண்டு ஒன்று கழன்று கீழே போனது.

"ஐயோ, போச்சி!" என்று கத்திவிட்டேன்.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நான் அன்னிக்கே கேன்சல் பண்ணச் சொன்னனா இல்லியா?" என்று என் சட்டையைப் பிடிக்காத குறையாக வந்தார். டீக்கடைக்காரர் யாருக்கோ போன் போட்டு, "வெடிச்சிடுச்சாம்ப்பா" என்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க கீறவங்கல்லாம் கைதட்டறாங்களே, எதுக்கு?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். திரையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிரித்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் சின்னதாக மறுபடியும் நெருப்பு தெரிந்தது. எரிபொருள் தீர்ந்த முதல் அடுக்கு கழன்று விழுவதும், இரண்டாம் அடுக்கு பற்றிக்கொள்வதும்தான் நடந்தது. பட்டா வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கிய அதே விஷயம். நேரில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அது அப்டித்தான் கழலும்" என்றேன், மெதுவாக.

"நீதான போச்சின்னு கத்துன?" என்றார் பெரியவர். டீக்கடைக்காரர் மறுபடி போன் போட்டு, "வெடிக்கலியாம்ப்பா, இவருக்குத்தான் தெரிலியாம்" என்றார். அந்த ஒரு போனில் என் விஞ்ஞானி வாழ்க்கை முடிந்தது. அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "உன்ன நம்பி எங்கப்பன வுட்டேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

கலம் நிலாவைச் சுற்றி, பல நாள் கழித்துத் தரையிறங்கியது. இறங்கியது என்றால் இறங்கியது, அவ்வளவுதான். ஒரு கால் பாறையிலோ பள்ளத்திலோ பட்டுக் கலம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. சூரியத் தகடு வெயில் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் சமிக்ஞை வந்தது, பிறகு அதுவும் நின்றது. கலத்தின் கதை முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள்.

இதை ஊரில் எப்படிச் சொல்வது என்று பயந்தேன். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. பெரியவர் கேட்டுவிட்டு, "எரியலல்ல? அது போதும். படுத்துகினு இருந்தா நல்லதுதான்" என்றார். மற்றவர்களுக்கு அதற்குள் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்துவிட்டது.

அக்கா ஒரு வாரம் கழித்து, பென்ஷன் மனு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தார். நானாகவே சொன்னேன்.

"கவுந்துடிச்சா?"

"சாஞ்சிடுச்சிக்கா. ஒருக்களிச்சிப் படுத்த மாரி."

"யாரும் போயி நிமித்த மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா. ரொம்ப செலவு."

"அப்ப அங்கியேதான் கெடக்குமா? எவ்ளோ நாளைக்கி?"

"அங்க காத்தும் இல்ல, மழையும் இல்லக்கா. யாரும் நகத்தாத வரிக்கும் அப்டியேதான் கெடக்கும்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து பாஸை எடுத்துப் பார்த்தார். "எங்கப்பன பொதச்ச எடம் ஏரிக்கு அந்தாண்ட கரைல இருந்துச்சி. வெள்ளம் வந்தப்ப அடிச்சிக்கினு போச்சி. எந்த எடம்னே இப்ப தெரியாது" என்றார். "மழை இல்லாத எடமா? சரி. சரி."

ஆறுதலாக, ஆழமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "நிலால கூட பனிக்கட்டி இருக்குதாம்க்கா" என்பதுதான் வாயில் வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், இனி இவனிடம் பென்ஷன் விஷயம் மட்டும் பேசினால் போதும் என்ற முடிவு இருந்தது. மனு ஏற்கப்பட்டிருந்தது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்து அந்தப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலை ஆள் இல்லாத நேரத்தில் ஒரு வீடியோவைத் திறந்தேன். நிலாவின் இரவு பல நாள் நீளம், அப்போதைய குளிரில் பெயர் பதித்த இப்படிப்பட்ட சிப்புகளுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தார். அவர் விஷயத்துக்கு வருவதற்குள் வீடியோவை மூடிவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய பேப்பரை எண்ணி அடுக்க ஆரம்பித்தேன்.